சிவப்பு ரோட்டார்

தம்பி கேட்டது கறுப்பு. நான் எடுத்துக் கொடுத்தது சிவப்பு. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் ஆளாளுக்கு என்னைக் குடையாதீங்க.

ரோட்டார்ங்கிறது ஒண்ணும் பெரிய சமாச்சாரம் இல்ல. பழைய காரோட டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டினா, நடு அச்சு மேல கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு உக்காந்திருக்கும். அது சுத்திச் சுத்தி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு வெக்கும். அது கெட்டுப்போனா வண்டி இருமாது, திணறாது. ஓடிட்டிருக்கும்போதே அப்படியே அடங்கிடும்.

எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவனுக்கு இருக்கிறது நானும், அறுபது வயசான அந்தக் காரும். அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவன் சாவியைத் தொட்டாப் போதும், நான் ஆரம்பிச்சுடுவேன். "பெல்ட் கிடையாது, பிரேக் அரைகுறை, பின்னால லைட்டுன்னு பேருக்கு ஒரு மினுக்கு. தகர டப்பா!"

"நீ கடை போட்டு உக்காந்திருக்கிறதே இந்த மாதிரி தகர டப்பாவுக்குத்தானேக்கா" என்பான். அந்த வாய் இருக்கே, அது எங்க வீட்டுச் சொத்து.

உண்மைதான். பழைய வண்டிக்கு வேணுங்கிற இக்னிஷன் சாமான்தான் என் கடை. அன்னிக்குக் காலையில வந்து பாயிண்ட், கண்டென்சர் ரெண்டையும் எடுத்துக்கிட்டான். அப்புறம் டிராயரைத் துழாவி, வேற வண்டியிலேர்ந்து கழட்டின கறுப்பு ரோட்டார் ஒண்ணை வெளிச்சத்துல புரட்டிப் புரட்டிப் பாத்தான். "இது போதும்க்கா. நல்லா ஓடின சாமான்."

"ஓடினதுன்னா தேஞ்சதுன்னு அர்த்தம். உள்ள மயிரிழை விரிசல் இருந்தா உன் கண்ணுக்குத் தெரியுமா?" அதைப் பிடுங்கி டிராயர்ல போட்டுட்டு, புதுப்பெட்டியைப் பிரிச்சுச் சிவப்பு ஒண்ணை எடுத்தேன். எங்க தொழில்ல சிவப்புக்குன்னு ஒரு மரியாதை உண்டு. எப்பவோ யாரோ சிவப்புல நல்ல சரக்கு செஞ்சாங்க, அன்னிலேர்ந்து சிவப்புன்னா கண்ணை மூடிட்டுக் கொடுப்போம். இருபது இருக்கிற பெட்டியில ஒண்ணை மட்டும் மீட்டர் வெச்சுப் பாப்பேன். அது தேறினா மிச்சம் பத்தொன்பதும் தேறின மாதிரி. இந்தத் தெருவுல எல்லாக் கடையிலயும் இதான் வழக்கம்.

"நிச்சயமா நல்லதா?"

"நான் சொல்றேன்ல? போட்டுக்கோ."

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்கல. கடை வாசல்லயே மாட்டிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற டிங்கரிங் ஆளைப் பாக்கணும்னு கிளம்பிட்டான்.

அவன் போய் முக்கால் மணி நேரம் இருக்கும். தெருமுனைப் பட்டறைக்காரர் வந்து மேஜை மேல ரெண்டு சிவப்பு ரோட்டாரை டக்குனு வெச்சார். "என்னம்மா சரக்கு இது? நேத்து வாங்கினது ரெண்டும் போச்சு. என்ஜின் ஜில்லுனு இருக்கும்போது ஜம்முனு ஓடுது. நல்லா சூடேறினதும் பொசுக்குனு நின்னுடுது."

திருப்பிப் பாத்தேன். மேல் தகட்டைப் பிடிக்க ஆணி அடிச்ச இடத்துக்கு அடியில கடுகளவு கரும்புள்ளி. பெட்டியிலேர்ந்து இன்னொண்ணை எடுத்து ரம்பத்தால அறுத்தேன். ஆணிக்கும் அச்சுக்கும் நடுவுல நகத்தோட கனத்துக்குக்கூட பிளாஸ்டிக் இல்ல. சூட்டுல அதைத் துளைச்சுக்கிட்டுக் கரண்ட் பூராவும் அச்சுல இறங்கிடும். நான் மீட்டர் வெச்சுப் பாத்ததெல்லாம் ஜில்லுனு இருந்த சாமானை.

"உன் தம்பி வண்டியில எது இருக்கு?"ன்னு கேட்டார். நான் அந்தச் சிவப்புப் பெட்டியைக் காட்டினேன். அவர் மூஞ்சி மாறிடுச்சு.

அவன் போற மலை ரோட்டுல, ஏத்தம் முடியிற இடத்துல சுரங்கப்பாதை. என்ஜின் நல்லாக் கொதிச்சிருக்கிற நேரத்துலதான் அதுக்குள்ள நுழையணும். ஒண்ணரை வண்டி அகலம், விளக்கு கிடையாது, நடுவுல ஒரு வளைவு. லாரிக்காரங்க வேகத்தைக் குறைக்காம ஹார்னை மட்டும் அடிச்சுட்டே வருவாங்க. போன் போட்டேன், போகல. மறுபடி போட்டேன், போகல. டிராயர்ல கைக்குக் கிடைச்ச ரோட்டாரையெல்லாம் அள்ளிப் பையில போட்டுட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். "கடையை நான் பாத்துக்கறேன், நீ போ"ன்னு பட்டறைக்காரர் பின்னாலயே கத்தினார்.

வழியெல்லாம் ஒவ்வொரு வளைவுலயும் அவன் பானெட்டைத் திறந்துட்டு நிக்கணும்னு வேண்டிக்கிட்டேன். வெளியில எங்க வேணா நின்னு தொலையட்டும், உள்ள மட்டும் வேண்டாம். ஒரு வளைவுலயும் அவன் இல்ல. சுரங்க வாய்க்கிட்ட வந்தப்போ அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த லாரியைக் கையைக் காட்டி நிறுத்தினேன். "உள்ள பழைய கார் ஏதாவது பாத்தீங்களா?"

"என்னத்தையோ பாத்தேன்மா. நட்டநடுவுல நின்னுச்சு. கடைசி நிமிஷத்துல ஒடிச்சுத் திருப்பினேன். இடிச்சேனா இல்லையான்னே எனக்குத் தெரியாது."

இடிச்சேனா இல்லையான்னே தெரியாதாம். பாவி.

உள்ள நுழைஞ்சேன். சுவத்துல தண்ணி கசியற சத்தம், டீசல் நாத்தம். என் ஸ்கூட்டர் வெளிச்சம் பத்தடிக்கு மேல போகல. வளைவு தாண்டினதும் ஒரு சின்ன வெளிச்சம் மேலயும் கீழயும் ஆடுச்சு. பிரேக்கை அழுத்தி நிறுத்தறதுக்குள்ள முன்சக்கரம் அவன் செருப்பைத் தொட்டுடுச்சு. காருக்குப் பின்னால, நடுரோட்டுல, செல்போன் விளக்கை ஆட்டிக்கிட்டு நிக்கிறான்!

"ஏண்டா வண்டிக்குப் பின்னால நிக்கிற? அறிவிருக்கா? ஓரமா நிக்க மாட்டியா?"

"ஓரமா நின்னா வர்றவனுக்கு எப்படிக்கா தெரியும்?" காரோட வலது பக்கக் கண்ணாடி ஒடிஞ்சு கம்பியில தொங்குச்சு. "ரோட்டார்தான். வேற வெச்சிருக்கியா?"

பையை நீட்டினேன். அஞ்சு இருந்துச்சு. கறுப்பு, பழுப்பு, ரெண்டு சிவப்பு, வெள்ளைல ஒண்ணு. விளக்கை அது மேல அடிச்சுட்டு, எப்பவும் கேக்கிற மாதிரியே கேட்டான். "எதைப் போட?"

இருபது வருஷமா இந்தக் கேள்விக்கு நான் யோசிச்சதே கிடையாது. கேட்டு முடிக்கிறதுக்குள்ள கை நீளும். அன்னிக்கு அஞ்சையும் பாத்தேன். கலரை விட்டுட்டா அஞ்சும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. போட்டா ஓடலாம். நாலடி போய் மறுபடி அடங்கலாம், அப்போ எதிர்ல யார் வருவாங்களோ.

"தெரியலடா."

"என்ன?"

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியல."

பின்னால தூரத்துல ஹார்ன் கேட்டுச்சு. அவன் ஹார்ன் வந்த பக்கம் திரும்பிப் பாத்தான். அப்புறம் பையை மூடிட்டான். "சரி, தள்ளு."

ஸ்கூட்டரைக் குறுக்க நிறுத்தி இண்டிகேட்டரைப் போட்டுவிட்டேன். அவன் ஜன்னல் வழியா ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளினான், நான் டிக்கியில தோளைக் கொடுத்தேன். சத்தம் கிட்ட வந்துச்சு, லைட்டுல சுவரெல்லாம் வெளுத்துச்சு. பிரேக் கிறீச்சிட்டது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன், ஆனா தள்றதை நிறுத்தல. லாரி ஸ்கூட்டருக்கு ஒரு முழம் முன்னால நின்னுடுச்சு. அந்த டிரைவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார், நல்லாத் திட்டட்டும். திட்டி முடிச்சுட்டு, கிளீனரை விட்டு ஸ்கூட்டரை உருட்டிக்கிட்டு வரச் சொல்லி, லைட்டை எரியவிட்டு, பின்னால யாரும் வராம அடைச்சுக்கிட்டு, மெதுவா எங்க கூடவே வந்தார்.

வெளியில வந்ததும் அவன் ஓரமாப் புல்லுல உக்காந்தான். நானும் பக்கத்துல உக்காந்தேன்.

"பெட்டியில ஒண்ணைத்தான்டா டெஸ்ட் பண்ணேன். உன்னோடதைப் பண்ணல. கலரைப் பாத்துத்தான் கொடுத்தேன்" என்றேன். எப்படியாவது சொல்லித் தொலைச்சுடணும்னு இருந்துச்சு.

அவன் கையில ஒட்டியிருந்த கிரீஸைப் புல்லுல தேச்சுக்கிட்டே இருந்தான். "லாரி கண்ணாடியை அடிச்சுட்டுப் போச்சு பாரு, அப்போகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லக்கா. அக்கா கொடுத்த சாமான், வேற ஏதோ சின்னக் கோளாறுதான், இதோ கிளம்பிடும்னு அதையே மறுபடி மறுபடி மாட்டி மாட்டிப் பாத்துட்டிருந்தேன். நீ வந்து தெரியலன்னு சொன்னே பாரு, அப்போதான் எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு."

அந்த இருட்டுல, நடுரோட்டுல நின்னுக்கிட்டு, நான் கொடுத்ததை எத்தனை தடவை கழட்டி மாட்டினான்னு நான் கேக்கல. கேக்க எனக்குத் தைரியம் வரல.