கூட்டிப்போன ஆள்

வாசலில் வந்து நின்ற பெண் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். யாரும் ஓடிவரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அத்தை பொறுக்கிக்கொண்டிருந்த கிரேயான்களை அப்படியே கீழே வைத்தாள். அந்தப் பெயர்க்காரியை அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் தன் கையாலேயே ஒரு ஆளிடம் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

சபையின் ஊழியக் குழுவோடு கடல் தாண்டி வந்து நாலு நாள் ஆகிறது. தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைக் கூடத்தில் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஆசைப்பட்டு முதல் நாளே 'அத்தை' என்ற ஒரு சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது பாஸ்டர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பெயரில் போனதில்லை. குழாயில் ஒட்டிய பெயரையும் சீட்டில் உள்ள பெயரையும் மூன்று தடவை பார்க்காமல் கை நகராது. அப்பேர்ப்பட்டவள், பிள்ளையைக் கூட்டிப்போக யாருக்கு அனுமதி என்று நோட்டைப் புரட்டக்கூட இல்லை. அந்த ஆள் சிரித்தான். நாலு வயதுப் பிள்ளை அவனைப் பார்த்ததும் கிரேயானைப் போட்டுவிட்டு எழுந்தது. மழை வேறு தூறத் தொடங்கியிருந்தது. அவ்வளவுதான்.

நர்ஸக்காவிடம் ஓடினாள். இருபது வருஷமாக அந்த ஊரிலேயே வேலை பார்ப்பவள். குழுவுக்கு வாயும் காதும் அவள்தான்.

"ஆள் எப்படி இருந்தான்?"

"உயரமா... புருவத்துல ஒரு தழும்பு. நல்லவர் மாதிரிதான்க்கா தெரிஞ்சாரு."

"நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கும்?" என்றபடி நர்ஸக்கா தாயிடம் திரும்பிப் பேசினாள். தழும்பைச் சொன்னதும் தாய் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பன்தானாம். பிரிஞ்சு ஒரு வருஷமாகுது. இப்ப வெளியூர்ல இருக்கானாம். போன தடவ கூட்டிட்டுப் போனவன் நாலு நாள் கழிச்சுதான் கொண்டுவந்து விட்டானாம். அவன் பேரு நோட்டுல இல்ல."

மூவரும் பேருந்து நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். 'ஆண்டவரே' என்பதற்கு மேல் அத்தைக்கு ஜெபம் வரவில்லை. காலையில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் பத்து நிமிஷம் தங்குதடையில்லாமல் ஜெபித்த வாய்தான். தாய் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. நின்றிருந்த ஒவ்வொரு வண்டிக்குள்ளும் அவள் ஏறி இறங்கினாள். அத்தை பின்னாலேயே ஏறி, அதே இருக்கைகளை மறுபடியும் பார்த்தாள். டிக்கெட் கொடுப்பவர் தலையை ஆட்டினார். பார்க்கவில்லையாம்.

திரும்பும் வழியில், முனையில் இருந்த முடிவெட்டும் கடையைப் பார்த்துத் தாய் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாற்காலிக் கைகளின் மேல் போட்ட பலகையில், கழுத்துவரை வெள்ளைத் துணியோடு பிள்ளை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அந்த ஆள். நெற்றி முடியை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தான். அவன் எதையோ சொல்ல, பிள்ளை குலுங்கிச் சிரித்தது.

அத்தைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கதவைத் தள்ளப் போனவளின் மணிக்கட்டைத் தாய் எட்டிப் பிடித்தாள்.

"என்னக்கா சொல்றாங்க?"

"இருங்கறா. போன தடவ ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சு இழுத்ததுல பிள்ளை ஒரு வாரம் வாயே திறக்கலையாம். கத்தரி ஓடுறப்ப வேணாம்ங்கறா."

"வெட்டி முடிச்சதும்?"

நர்ஸக்கா கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள். அவள் பார்வை போன திக்கில் அத்தையும் பார்த்தாள். நாற்காலிக்குக் கீழே, புடைத்துப் போய் ஜிப் பாதியில் நின்றுவிட்ட ஒரு பயணப் பை. பிளந்திருந்த வாயில் சின்னதாக ஒரு கம்பளிச் சட்டையின் கை.

மணிக்கட்டில் தாயின் நகம் பதிந்தது. அத்தை கையை உருவிக்கொள்ளவில்லை. மழைத் தண்ணீர் இருவர் முழங்கையிலும் வழிந்து ஒன்றாகச் சொட்டியது.

உள்ளே கத்தரி நின்றது. முடிவெட்டுகிறவர் பிள்ளையின் பிடரியை ஊதிவிட்டார். அந்த ஆள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வெள்ளைத் துணியின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான்.