எட்டிய கைகள்

எலாதியோ விட்ட ஒவ்வொரு கோலுக்கும் அவருடைய கைகள் ஒரு நூல் அளவு நீண்டன. வால்தெகுவேஸ்தா என்ற சுரங்க ஊரில் நிலக்கரி நிறைய வெட்டிய காலத்தில் அவர் ஊர்க் கால்பந்து அணியின் கோல்கீப்பர் ஆனார். மனைவி ஒப்துலியா ஆட்டப் பருவத்துக்கு ஒரு தடவை அவருடைய சட்டைக் கைகளில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தாள். நீண்ட கை நல்லதுதானே என்று தெற்கிலிருந்து ஒரு பெரிய கிளப் வந்து அவரை அழைத்துப் போனது. அங்கே குளிர்காலம் முடிவதற்குள் கைகள் முழங்காலைத் தாண்டின. பந்து வருவதைக் கண் பார்த்துவிடும். விரல்கள் மூடும்போது அது வலைக்குள் கிடக்கும். "மூளை சொல்றது கைக்குப் போய்ச் சேர நேரமாகுது. நடுவுல தூரம் ஜாஸ்தி," என்று சொல்லி கிளப் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

"என்னப்பா, தெற்கையே கட்டிப்பிடிச்சிட்டு வந்துட்டியா?" என்று மதுக்கடையில் கேட்டார்கள். அதோடு சரி. தலை நரைக்கும்வரை அவர் ஊர் அணிக்கே நின்றார். சுரங்கம் ஒவ்வொன்றாக மூடியது; அணியும் ஒவ்வொரு டிவிஷனாகக் கீழே இறங்கியது. பாய்ந்து விழுந்தால் எழ முடியாமல் போனபோது, வேறு ஆள் கிடைக்காததால் அவரையே கோச் ஆக்கினார்கள். இனியாவது கைகள் நிற்கும் என்று ஒப்துலியா நம்பினாள். ஆனால் புதிய கோல்கீப்பர் வெந்துரா விட்ட கோல்களும் எலாதியோவின் கணக்கில்தான் சேர்ந்தன. இப்போது நூல் கணக்கில் இல்லை, சாண் கணக்கில் வளர்ந்தன. வெந்துரா பஸ் ஓட்டுபவர், பாவப்பட்ட மனுஷன். ஆட்டம் முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வருவார்.

"மன்னிச்சுக்குங்க கோச்."

"விடுய்யா. வீட்டுல துணி இருக்கு."

தோற்றால் கிளப்பையே கலைத்துவிடுவது என்று முடிவான ஆட்டம் மே மாதம் நடந்தது. மைதானத்தை ஒட்டிய ஆற்றங்கரை இடிந்ததிலிருந்து கோச்சின் பெஞ்சு கோலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது, எதிரணிக்குப் பெனால்ட்டி கிடைத்தது. "எலாதியோ, கையை நீட்டுய்யா!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு எல்லோரும் கத்தினார்கள், பாதிரியார் உட்பட. எலாதியோ ஆயுளில் ஒரு த்ரோ-இன்கூட ஏமாற்றி வாங்கியதில்லை. அவர் வெந்துராவைப் பார்த்தார்.

"நீட்டுங்க கோச்," என்றார் வெந்துரா, வாயைக் கையுறையால் மறைத்துக்கொண்டு. "நான் இடப்பக்கம் விழறேன். வலது உங்களுது."

எலாதியோ நீட்டினார். பந்து வலப்பக்கம்தான் வந்தது. அது அவருடைய உள்ளங்கையில் அறைந்த சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டது. விரல்கள் மூடின. அதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. பந்து எப்படியும் உள்ளே போய்விட்டதில் தண்டிக்க எதுவும் இல்லாததால் நடுவர் கோல் என்று நடுக்கோட்டைக் காட்டினார். திருட்டு ஆட்டம் என்று எவரும் சொல்லவில்லை. அப்படியும் பந்தைப் பிடிக்கவில்லையே என்றுதான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

கிளப் கலைந்தது. வெந்துரா பெல்ஜியத்தில் பஸ் ஓட்டப் போனார். இலையுதிர் காலத்தில் ஒப்துலியா ஹிஹோன் நகரத்தில் இருக்கும் மகளிடம் போவதாகச் சொன்னாள், அவர் தடுக்கவில்லை. பஸ் கிளம்பிய பிறகும் அவருடைய கை ஜன்னல் வழியாக அவள் தோளில் இருந்தது. பாலம் தாண்டி, வளைவு தாண்டி, மூடிய சுரங்க வாசலும் தாண்டிக் கூடவே போனது. "விடு எலாதியோ, எதிர்ல லாரி வருது," என்றாள் அவள், கையைப் பார்த்து. அவ்வளவு தொலைவிலிருந்து சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் விட்டார்.

இப்போது அவர் மாடியை விட்டு இறங்குவதில்லை. காலையில் ஜன்னல் வழியாகக் கை மட்டும் இறங்கி, தெருவைக் கடந்து, ரொட்டிக்கடைக்குப் போகும். கார்கள் நின்று வழிவிடும். கடைக்காரி ஒனோரினா ரொட்டியை உள்ளங்கையில் வைத்து, "சூடா இருக்கு, பாத்து," என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக அவளே மடக்கிவிடுவாள். பிடி இறுகியிருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்ப்பாள். பிறகு, வரிசையில் அடுத்து நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பாள்.