குழாயை மூடச் சொன்னவள்

மத்திய வங்கியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்குக் 'குழாய் மேடம்' என்று பட்டப்பெயர். எந்தக் கூட்டமானாலும் அவள் பாட்டு ஒன்றுதான்: விலைவாசி ஏறுவதற்கு வியாபாரியும் காரணமில்லை, தொழிற்சங்கமும் காரணமில்லை. புழக்கத்தில் பணம் அதிகம், குழாயை மூடுங்கள். வருஷக்கணக்காக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பால் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை என்று ஆன பிறகுதான் கவர்னர் அவளைக் கூப்பிட்டார்.

"மூடினா என்ன ஆகும்?"

"கொஞ்ச காலம் வலிக்கும் சார். அப்புறம் சரியாயிடும்."

வலித்தது. வட்டி எகிறியது. கடன் கிடைக்காத ஆலைகள் கதவை இழுத்துச் சாத்தின. அவள் தம்பி ஃபோர்மேனாக இருந்த ஃப்ரிட்ஜ் தொழிற்சாலையும் அதில் அடக்கம். தம்பி அவளிடம் வாயே திறக்கவில்லை. அவன் மனைவிதான் ஒருநாள், "இன்னும் எவ்வளவு நாளைக்கு அண்ணி இப்படி?" என்றாள். "கொஞ்ச நாள்தான்" என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள்.

விலைவாசி இறங்கியது, அவள் சொன்னபடியே. பத்திரிகைகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. தம்பி ஸ்கூல் வேன் ஓட்டப் போனான்.

காலம் ஓடியது. புது கவர்னர் வந்தார். கார்டு, விதவிதமான டெபாசிட் என்று வந்ததில், எதைப் பணம் என்று கணக்கில் சேர்ப்பது என்பதே குழப்பமாகிவிட்டது. புழக்கம் கூடினாலும் விலை அசையவில்லை. இனிமேல் பணப்புழக்கம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்ற இலக்கு வேண்டாம், வட்டியை மட்டும் பார்த்துக்கொள்வோம் என்றார் கவர்னர், ஒரு கூட்டத்தில். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

இப்படி ஒரு நாளுக்காக அவள் பெரிய வாதம் ஒன்றை மனசில் கட்டி வைத்திருந்தாள். இப்போது தேடினால் ஒன்றையும் காணோம்.

"எனக்கு ஆட்சேபனை இல்லை" என்றாள். அடுத்ததாக லிஃப்ட் ரிப்பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு, தம்பி வேனை நிறுத்தும் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள். அவன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு அதை எடுத்துட்டாங்கடா."

"எதைக்கா?"

"நான் சொன்ன அந்தக் குழாய் விஷயத்தை."

துணியைப் பிழிந்தான். "அப்போ அன்னிக்கு நீ சொன்னது தப்பா?"

"தப்பில்லை. விலை இறங்குச்சே. ஆனா அவ்வளவு இறுக்கி மூடணுமான்னா... தெரியலை."

"தெரியலைன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்." குரலில் கோபம் இல்லை. அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அப்போ தெரியும்னுதான் நெனச்சேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அழுகை வரும் என்று எதிர்பார்த்து நின்றாள். ஊசி போட்டு மரத்துப்போன ஈறைத் தொட்டாற்போல, ஏதோ இருந்தது, உறைக்கவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடிவந்து ஏறின.

"முன்னால ஏறிக்கோக்கா. போற வழியில இறக்கி விடறேன்."

ஏறிக்கொண்டாள். பின்சீட்டில் இரண்டு பேர் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். தம்பி திரும்பிப் பார்க்காமலே அதட்டினான். வண்டி நகர்ந்தது.

"எங்க இறங்கற?"

"எங்கேயானாலும் சரிதான்" என்றாள்.