எத்தனையில் நின்றது

டிரம்மைச் சுற்றியிருந்த நூல்கயிறு மறுபடியும் புகைய ஆரம்பித்ததும், ஒரு செம்பு தண்ணீரை அதன் உள்விளிம்பில் ஊற்றினேன். சுர்ரென்று ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. தராசு முள் இரண்டையும் பார்த்தேன். இறுக்கின பக்கம் நாற்பது, தொய்ந்த பக்கம் ஆறு. கழித்தால் முப்பத்து நான்கு. நோட்டில் எழுதினேன்: 11.45, 34 கிலோ, ஓடுகிறது. அதற்கு மேலே இருந்த ஆறு வரிகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. பக்கத்தின் தலையில் 14.5.2005 என்று போட்டிருந்தேன்.

உத்தமபாளையத்தில் சேக் பரீத் பாயின் மோட்டார் காயில் கட்டும் கடை அது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டப்பாக்கள் அப்போதுதான் எங்கள் பக்கம் ஒவ்வொரு மில்லாக வந்துகொண்டிருந்தன. பத்து எச்.பி. என்று எழுதியிருக்கும். உண்மையிலேயே பத்து எச்.பி. தாங்குமா என்று பார்க்க, கம்பத்திலிருந்தும் லோயர் கேம்பிலிருந்தும்கூட பாயிடம் கொண்டுவருவார்கள். "இதுல போட்டுருக்கிற எச்.பி.யும் மாப்ள வீட்டுக்காரன் சொல்ற சம்பளமும் ஒண்ணு. கயித்தக் கட்டிப் பாத்தாத்தேன் தெரியும்" என்பார் பாய். மோட்டாரில் டிரம்மை மாட்டி, அதில் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையையும் இரண்டு தராசில் கொக்கி போட்டு, திருகை முறுக்கினால் கயிறு டிரம்மைப் பிடித்து இழுக்கும். அதுதான் லோடு. மோட்டார் அந்தப் பிடியை மீறிச் சுற்ற வேண்டும். லோடு என்ற சொல்லை நான் முதலில் முதுகில்தான் படித்தேன், புளி குடோனில், இருபது வருஷம். எழுத்து அதற்கு அப்புறம் வந்தது. கடையில் திருகு முறுக்குவதும் தண்ணீர் ஊற்றுவதும் முள்ளைப் பார்த்து எழுதுவதும் என் வேலை. கணக்கு பாயுடையது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: இந்த டிரம்மில் முள் முப்பத்து நான்கு காட்டி மூன்று மணி நேரம் ஓடினால், டப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது.

அன்றைக்கு அது காப்பாற்றக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டப்பா வந்தது தேங்காய் மட்டையில் நார் உரிக்கிற மில்லிலிருந்து. இதேபோல இரண்டு டப்பாக்கள் அங்கே இரண்டு மாதத்தில் கருகிவிட்டன. மெஷினை ஓட்டுகிறவன் கண்டபடி லோடு ஏற்றிவிட்டான் என்று விற்ற கம்பெனி சொன்னது. ஓட்டுகிறவன் ஒச்சாண்டி, என் வீட்டுக்காரி மொக்கம்மாளின் தம்பி. சூப்பர்வைசர் ஞானதுரை பத்து நாளைக்கு முன்னால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிச்சமிருக்கிற டப்பாவை பாயிடம் கொண்டுபோய்க் கயிறு கட்டுங்கள் என்று மில் முதலாளி சொல்லிவிட்டார். தாங்காமல் நின்றால் கோளாறு டப்பாவில், ஒச்சாண்டி திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். தாங்கிவிட்டால் கோளாறு ஒச்சாண்டியிடம், இனி வர வேண்டாம். ஞானதுரையும் அவனும் காலையிலேயே வந்திருந்தார்கள். ஞானதுரை கடை வாசலில் ஃபேனுக்கு அடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒச்சாண்டி சுவரோரம் குத்துக்காலிட்டு டப்பாவின் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று அதில் சிவப்பு எழுத்தில் வரும். காலையிலிருந்து பதினாலுதான் காட்டியது.

பன்னிரண்டரைக்கு பாய் லுஹர் தொழக் கிளம்பினார். "முத்து, ஒண்ணேகாலுக்கு மூணு மணி நேரம் முடியுது. நான் வார வரைக்கும் முள்ளு எறங்காம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சைக்கிள் தெரு திரும்பியதும் ஒச்சாண்டி எழுந்து வந்தான்.

"மாமா, இன்னும் ரெண்டு திருகு போடுங்க."

"எதுக்குடா?"

"நின்னு தொலையட்டும்."

"முள்ளு காட்டிக் குடுத்துரும்ல?"

"முள்ளப் பாக்குறதும் நீங்கதேன், நோட்டுல எழுதுறதும் நீங்கதேன். அது என்ன ஊருக்குள்ள போயி சொல்லவா போகுது?"

காலையில் மொக்கம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தூக்கில் சோறு கட்டிக் கொடுத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கை ஏற்கனவே திருகின் மேல்தான் இருந்தது. ஒரு சுற்று சுற்றினேன். இன்னொரு சுற்று. இறுக்கின பக்கத்து முள் ஐம்பதுக்குப் போனது, தொய்ந்த பக்கம் ஆறிலேயே இருந்தது. மோட்டாரின் குரல் மாறி, தொண்டை கட்டினவன் பேசுவது மாதிரி அடியிலிருந்து வந்தது. கண்ணாடியில் பத்தொன்பது.

ஒச்சாண்டி சட்டென்று தலையைத் தூக்கினான். "இந்தச் சத்தந்தேன் மாமா."

"எந்தச் சத்தம்?"

"அங்கன எப்பவும் இப்பிடித்தேன் கத்தும். பத்தொம்போதுதேன் காட்டும். இங்கன காலைலருந்து பதினாலு காட்டவும், டப்பாவ மாத்திக் கொண்டாந்துட்டாகளோன்னு நெனச்சேன்."

"அம்புட்டு லோடு எவன்டா ஏத்தச் சொன்னது?"

அவன் வாசல் பக்கம் தாடையைக் காட்டினான். "ஈர மட்டையையும் சேத்துத் தள்ளுன்னாக. அடிக்கடி நிக்குதுன்னதும், அது நிக்காத மாதிரி உள்ள செட்டிங்கத் தூக்கி வச்சாக."

"இத மொதலாளிகிட்ட சொன்னியா?"

"சொல்லிப்புட்டு, நாளைக்கு அவுக மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?"

அந்த நேரமே திருகைத் தளர்த்தியிருக்கலாம். தளர்த்தவில்லை. எத்தனை நேரம் தாங்கும் என்று இப்போது எனக்கே பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆவியாகிக்கொண்டே இருந்தது. எந்த டப்பா வந்தாலும் செய்வதுபோல, பாய் காலையில் செட்டிங்கை எல்லாம் கம்பெனி சொன்னபடி திருப்பி வைத்திருந்தார். அதனால் டப்பா கருகவில்லை. பதினோரு நிமிஷம் இழுத்துப் பார்த்துவிட்டு, டக்கென்று தானாகவே நின்றுகொண்டது.

சத்தம் நின்றதும் ஞானதுரை பேப்பரோடு உள்ளே வந்தார்.

"என்ன, மாமனும் மாப்ளயும் சேந்து கயிறு இழுக்குற போட்டி நடத்துறீகளா? எத்தனைல நின்னுச்சு?"

"நாப்பத்தி நாலுல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒச்சாண்டியைப் பார்த்தார். அவன் குனிந்துகொண்டான். ஞானதுரை விவரமான ஆள், வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, முப்பத்தி நாலுல நின்னுச்சுன்னு போடுங்க. டப்பா கோளாறு, முடிஞ்சு போச்சு. கம்பெனிக்காரன் வேற டப்பா அனுப்பப் போறான். இவன் திங்கக்கெழம ஷிப்டுக்கு வந்துறட்டும். யாருக்கு என்ன நட்டம்?"

அதைக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வதற்கில்லை. ஒரு மூன்றும் ஒரு நான்கும், அவ்வளவுதான். மொக்கம்மாளிடம் போய்ச் சொல்லிவிடலாம். புது டப்பா வரும். அதன் செட்டிங்கையும் தூக்கி வைப்பார்கள், ஈர மட்டையும் வரும். இரண்டு மாதம் கழித்து இதே இடத்தில் இதே மாதிரி ஒரு டப்பா இருக்கும். அப்போது இந்த நோட்டைப் புரட்டினால், முப்பத்து நான்கில் நின்றதாக என் எழுத்தில் இருக்கும். ஒச்சாண்டி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் 12.50 என்று நேரத்தை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பாய் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடியே மோட்டாரைப் பார்த்தார்.

"எத்தனைல நின்னுச்சு?"

ஞானதுரை தொண்டையைச் செருமினார்.

"நாப்பத்தி நாலுல, பாய்" என்றேன். "முப்பத்தி நாலுல பன்னெண்டரை வரைக்கும் ஓடிக்கிட்டுத்தேன் இருந்துச்சு. நான்தேன் ஏத்துனேன்."

சொல்லிவிட்டு எழுதினேன். இரண்டு நான்கும் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டன.

பாய் கோபப்படவில்லை. டப்பாவின் மேல் கையை வைத்துச் சூட்டைப் பார்த்தார். "அப்ப டப்பா நல்ல டப்பா. சொன்னதுக்கு மேலயே தாங்கியிருக்கு. நாப்பத்தி நாலுக்கு எதுக்குய்யா ஏத்துன?"

நான் ஒச்சாண்டியைப் பார்த்தேன். நான் பார்த்ததைப் பாயும் பார்த்தார்.

"ஏம்ப்பா, மில்லுல ஓடுறப்ப இது எம்புட்டு காட்டும்?"

ஞானதுரை பேப்பரை நாலாக மடித்து, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார். டிரம்மிலிருந்து ஒழுகிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஒச்சாண்டி மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதில் விரலைத் தொட்டு, உலர்ந்த தரையில் ஒரு கோடு இழுத்தான். மறுபடி தொட்டு, பக்கத்தில் ஒரு சுழி போட்டு அதற்கு வால் இழுத்தான். பத்தொன்பது.

"வாயத் தெறந்து சொல்லுப்பா" என்றார் பாய். "நீ சொன்னாத்தேன் இவன் எழுத முடியும்."

சித்திரை வெயில் தகரக் கூரையின் வழியாகத் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. ஒன்று முதலில் காய்ந்தது. ஒன்பதின் வாலும் போய்விட்டது. சுழியில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. நான் பேனாவின் மூடியைக் கழற்றி, அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.