பூஜ்யம் காட்டும் பலகை

1
இந்தக் கதை ஒரு பொய்யான எண்ணிலிருந்து கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 'கந்தக மழையில் நனைந்த அந்தக் காதலர்கள்...' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அந்த மழையில் காதல் வளராது, தகரக் கூரையில் ஓட்டைதான் விழும்.

2
ஆலையில் நிலக்கரி எரிகிறது. கரியிலிருக்கும் கந்தகம் கந்தக டை ஆக்சைடாகி, புகைபோக்கி வழியே ஊருக்குள் வருகிறது. (தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறுமே, அந்த நெடி. அதை ஊர் அளவுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள்.) அதை அளக்க ஒரு கருவி, கருவியைப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக். கருவி சொல்லும் எண் வாசல் பலகையில் ஓடும்.

மாதம் ஒருமுறை சுத்தக் காற்று சிலிண்டரை மாட்டி, கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார். திங்கட்கிழமை பார்த்தார். காட்டியது. சிலிண்டர் குழாயைக் கழற்ற மறந்து டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து கருவி சிலிண்டர் காற்றையே சுவாசித்தது. ஆலையில் நல்ல காற்று கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

3
புதன்கிழமை மேனேஜர் அவரைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். மூன்று நாளாகப் பூஜ்யமாம், மேலிடத்துக்குப் பலகையின் போட்டோ போயாயிற்றாம். (இவரை முதலில் வில்லனாக எழுதினேன். எடுபடவில்லை. மனிதர் இருமிக்கொண்டேதான் பாராட்டினார்.) மெக்கானிக்குக்கு அப்போதுதான் குழாய் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான் சார்."

"அப்ப யாருக்கும் தெரியல. வெள்ளிக்கிழமை ஆய்வு முடியட்டும், கழட்டலாம். அதுக்கு முன்னாடி கழட்டினா நீங்களும் சேர்ந்து கழண்டுக்கலாம்."

4
ஆலைக்கு எதிரேதான் அவர் மகள் படிக்கும் பள்ளி. அவளுக்கு மூச்சிரைப்பு. பலகையில் எண் ஏறினால் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள், இறங்கினால் மைதானம். மூன்று நாளாக மைதானம். மூன்று நாளாக அவள் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். மனைவி காரணம் கேட்டாள். தூசி என்றார்.

முடிவு அ: அவர் ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்க, ஊரே திரண்டு... (திரளாது. ஊருக்கு அங்கேதான் வேலை.)

முடிவு ஆ: வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருந்து... (பொறுக்கவேண்டியது அவர் நெஞ்சு இல்லையே.)

5
வியாழன், காலை பத்தரை. விளையாட்டு டீச்சர் போனில்.

"பாப்பா அப்பாதானே? போர்டுல பூஜ்யம்னு ஓடுது. ஆனா இங்க எல்லாருக்கும் கண்ணு எரியுது. பிள்ளைங்களை வெளிய விடலாமா?"

பக்கத்திலேயே மேனேஜர் நிற்கிறார்.

"டீச்சர்..." என்கிறார் மெக்கானிக்.

இதற்குப் பிறகு நாலு பதில் எழுதிக் கிழித்தேன். எல்லாம் நல்ல பதில்கள். வேலை போகும் பயம் இல்லாதவன் எழுதியவை. பிள்ளைகள் கதவருகே வரிசையில் நிற்கிறார்கள், போன் இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.