எல்லாத் திறப்பும் முன்னால் இருக்க வேண்டும்

வேலணைப் பாலசிங்கத்தாரின் மனைவி யோகம்மா தன் ஒரே மகனை மறந்தது 2004ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது. அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, மண்டையில் அடிபடவும் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்ற வானுக்குள் இருந்து ஊர்காவற்றுறைக் கிறிஸ்தோப்பர் ஒரு பொத்தானை அமத்தினான், அவ்வளவுதான். அதே நேரம் முற்றத்தில் படுத்திருந்த நாயும் மகனை மறந்தது. முன்கதவும் கிணறும்கூட மறந்தன. ஊர் மட்டும் மறக்கவில்லை. அந்த வானுக்கும் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததால் இருக்கலாம்.

வான், சண்டை ஓய்ந்து பாதை திறந்த மறுவருஷம் கொழும்பிலிருந்து வந்தது. யப்பான் வான். அதன் திறப்பின், அதாவது சாவியின், கறுப்புத் தலைக்குள் அரிசிமணி அளவில் ஒரு சிப் இருந்தது. வானுக்கு அந்தச் சிப்பைத் தெரிந்தால்தான் எஞ்சின் ஓடும். அதே மாதிரி வெட்டிய வேறு திறப்பைப் போட்டால் கதவு திறக்கும், விளக்கு எரியும், வான் அசையாது. வந்த திறப்புகள் இரண்டு. ஒன்று பாலசிங்கத்தாரின் வேட்டி மடியில் இருந்தது. மற்றது மகன் தயாபரனிடம். அவன் நயினாதீவுக்குப் போகிற சனத்தைக் குறிகட்டுவான் துறைக்கு ஏற்றி இறக்கினான். துறையில் நின்றால் வள்ளத்தில் வருகிறவர்களையும் பார்க்கத்தானே வேண்டும். அப்படித்தான் நெடுந்தீவு ஜெனீற்றாவைக் கண்டான். அவள் கடற்றொழில் செய்கிற வேதக்கார வீட்டுப் பெண், சைவ வீட்டுக்கு ஒத்துவராதவள். வீட்டுக்குச் சொல்லாமல் நெடுந்தீவு வேதக்கோயிலில் அவளைக் கட்டினான்.

திறப்பு வெட்டுகிற கிறிஸ்தோப்பர் பெண்ணுக்கு மாமன் முறை. கலியாணத்துக்குப் போய் இரண்டு தரம் சாப்பிட்டவன். மாப்பிள்ளையின் இடுப்பில் வான் திறப்புத் தொங்குவதைப் பார்த்து, “மாப்பிள்ளை கோயிலுக்கும் வானோடதான் வந்திருக்கிறார்” என்று பகிடிவிட்டவனும் அவன்தான். அதனால் மறு கிழமை, கலியாணக் கதை காதில் விழுந்த பாலசிங்கத்தார் அவனைக் கூப்பிட்டு, ஒரு திறப்புத் தொலைந்துவிட்டது, புதிது ஒன்று செய்ய வேண்டும் என்றபோது அது பொய் என்று அவனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

சிப் பதிகிற வேலையில் ஒரு சட்டம் உண்டு. பதியும்போது எல்லாத் திறப்பும் முன்னால் இருக்க வேண்டும். முன்னால் இல்லாததை வான் அடியோடு மறந்துவிடும். வருகிற ஆட்களிடமெல்லாம் அதைக் கேட்பது கிறிஸ்தோப்பரின் வழக்கம். அன்றும் வாய்வரை வந்தது. ஆனால் மெசின் புதிது. தீவுப்பகுதியில் வேறு எவரிடமும் அப்படி ஒன்று இல்லை. பாலசிங்கத்தாரோ பெரிய காணிக்காரர், அவர் வாசலில் வேலை செய்தது நாளைக்கு நாலு பேருக்குத் தெரியவரும். அவர் தானாகவே, “மற்றது கடலுக்க விழுந்திட்டுது” என்றார். அவன் தலையை ஆட்டினான். புதுத் திறப்பையும் அவருடைய திறப்பையும் பதிந்தான். மெசின் ஒருதரம் கீச்சிட்டது. குசினியில் யோகம்மா சோற்றுப்பானையை இறக்கி வைத்தாள். புதுத் திறப்பை வாங்கிக் குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவினாள்.

பின்னேரம் தயாபரன் வந்தான். நாய் குரைத்தது. அவன் கையிலிருந்த வீட்டுத் திறப்பு முன்கதவுப் பூட்டுக்குள் சும்மா சுற்றியது. கிணற்றில் அள்ளினான், வாளி வெறுமையாக வந்தது. சத்தம் கேட்டு யோகம்மா வெளியே வந்தாள்.

“ஆர் தம்பி? ஆரைத் தேடுறியள்?”

“அம்மா, நான் தயா.”

“வெயிலுக்க வந்திருக்கிறியள் போல. இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.”

வந்தவர்களுக்குப் போடுகிறமாதிரி இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தாள். பக்கத்துக் கதிரையில் பாலசிங்கத்தார் தன் சீனியில்லாத் தேநீரோடு இருந்தார். அவருக்கு நீண்டகாலச் சீனி வருத்தம், நீரிழிவு. மகனை அவருக்குத் தெரிந்தது. அழித்தவர்களுக்கும் மறக்கவில்லை. மகனுக்கு வான் ஓடாமல் போகட்டும் என்றுதான் அவர் நினைத்தார், தாயை நினைக்கவில்லை. அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தயாபரன் நெடுந்தீவிலேயே இருந்துவிட்டான். அங்கே வேலிகூடக் கற்களை அடுக்கியதுதான். எந்தப் பூட்டும் அவனை ஆர் என்று கேட்கவில்லை. மாதம் ஒருமுறை வள்ளத்திலும் பஸ்ஸிலும் வேலணைக்கு வந்து, தாயின் கையால் தேநீர் குடித்துவிட்டுப் போனான். “நெடுந்தீவோ? அங்க குதிரையள் நிக்குதாமே” என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்டாள். பேத்தியைத் தூக்கி வந்தபோது, “வடிவான பிள்ளை, தாய் தேப்பன் குடுத்து வைச்சதுகள்” என்றாள். அன்று அவன் படலைக்கு வெளியே நின்று அழுததை ஊர் பார்த்தது.

அழுத கண்ணோடு நேரே ஊர்காவற்றுறைக்குப் போனான். “மாமா, என்ர திறப்பைத் திரும்பச் சேர்த்துவிடுங்கோ. அம்மாக்கு என்னைத் தெரியேல்லை.” கிறிஸ்தோப்பர் மெசினைத் தூக்கிக்கொண்டு பாலசிங்கத்தாரிடம் போனான். அவர் படலையைத் திறக்கவில்லை. வீம்பு என்று ஊர் சொன்னது. வெட்கம் என்று கிறிஸ்தோப்பருக்குப் பட்டது, ஏனென்றால் அவனுக்குள்ளும் அதுதான் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தான். சுவாமியார், இது எந்தக் கட்டளைக்குள் வரும் என்று அவனிடமே கேட்டார். பிறகு ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். செபமாலையால் அவனுக்கு நித்திரை வந்தது, நிம்மதி வரவில்லை. ஊர்வழியே போனால் தாய்மார் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்கும். அவன் சைக்கிளை வேறு பாதையில் திருப்புவான்.

2006இல் சண்டை திரும்பத் தொடங்கி, பாதையைப் பூட்டினார்கள். டீசல் மருந்துக்கும் கிடைக்கவில்லை. பாலசிங்கத்தாரின் வான் கல்லின்மேல் ஏறி, கிடுகால் மூடப்பட்டு நின்றது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. வள்ளம் ஓடாத மாதங்களிலும் தயாபரனின் கதிரை விறாந்தையில் கிடந்தது. ஒருநாள் யோகம்மா அதைத் துடைத்துக்கொண்டு, “அந்த நெடுந்தீவுத் தம்பி இப்ப வாறேல்லை. நல்ல பெடியன். பாவம், தாய் இல்லைப்போல” என்றாள். பாலசிங்கத்தார் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

2009 ஆவணியில் அவரே ஊர்காவற்றுறைக்கு ஆள் அனுப்பினார், நெடுந்தீவுக்கும் அனுப்பினார். கிறிஸ்தோப்பர் மெசினோடு ஒரு பற்றரியையும் கொண்டுவந்தான். கோழியைக் கலைத்து, வானுக்குள் ஏறி, வயரைக் கொழுவினான். தயாபரனின் பழைய திறப்பு உப்புக்காற்றில் கறுத்திருந்தது. அதை முன்னால் வைத்தான். குசினி ஆணியில் கிடந்ததையும் வைத்தான். மூன்றாவது திறப்பு பாலசிங்கத்தாரின் மடியில் புடைத்துக்கொண்டிருந்தது.

இந்தமுறை அவன் கேட்டான். “எல்லாத் திறப்பும் முன்னுக்கு இருக்கவேணும், ஐயா. மடியில கிடக்கிறதையும் தாங்கோ.”

“அது கடலுக்க விழுந்திட்டுது.”

“ஐயா...”

“அண்டைக்கு நீர் கேக்கேல்லை. இண்டைக்கும் கேக்காதையும். அவன் நிண்ட இடத்தில நானும் ஒருக்கா நிண்டு பாக்கவேணும்.”

கையை நீட்டி மடியை அவிழ்த்திருக்கலாம். மெசினை மூடிக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். படலையடியில் தயாபரன் நின்றான், அவன் தோளில் பேத்தி நித்திரை. கிறிஸ்தோப்பர் பொத்தானை அமத்தினான். நாய் ஓடிப்போய்த் தயாபரனின் மேல் பாய்ந்தது. யோகம்மா குசினியிலிருந்து வந்து, “எட, எப்பயடா வந்தனீ? இப்பிடி மெலிஞ்சு போனாய்!” என்று அவன் கன்னத்தைத் தடவினாள். பிள்ளையை வாங்கி முகர்ந்தாள். பிறகு வான் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“தயா, அங்க நிக்கிற மனிசன் ஆர்? வெயிலுக்க நிக்கிறார். கதிரையை எடுத்துப் போடு.”

தயாபரன் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். விசர்க்கதை கதைக்கிறான் என்று அவள் சிரித்தாள். தகப்பனின் மடியிலிருந்து திறப்பை எடுக்கவும் பார்த்தான், கிழவர் விடவில்லை. முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். போக இடமில்லாத மனிதர் என்று யோகம்மா நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தாள். நாயும் நாளடைவில் குரைப்பதை விட்டது. கிணற்றில் மட்டும் தயாபரன் அள்ளிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய கிறிஸ்தோப்பர் வந்து அவருக்குப் பக்கத்தில் இருப்பான். யோகம்மா இருவருக்கும் தேநீர் கொண்டுவருவாள். “உங்கட கூட்டாளி எந்த ஊர்?” என்று கிறிஸ்தோப்பரைக் கேட்பாள். “கிட்டத்தான், அம்மா” என்பான். வந்தவர்களுக்கென்று அவள் போட்ட இரண்டு கரண்டி சீனியையும் பாலசிங்கத்தார் கலக்கி, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கோப்பையை அவள் கையில் கொடுப்பார்.