ஹைட்ரஜனுக்கு ரெண்டு கேன்

எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஜீவானந்தத்தைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலையில் குடித்தனம் நடத்தினால் எவளுக்கும் நீளும்.

எங்கள் பழைய டீசல் வேனை எடைக்குப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்குள் பதினெட்டு மூட்டை புளி. மழை இறங்கினால் கறுத்துக் கசிந்து பாதி விலைக்குக்கூடப் போகாது. போளூரில் வேறொரு டீசல் வேன் பேசி வைத்திருந்தோம். நாளைக்குள் போய் எடுக்காவிட்டால் அதுவும் கைமாறிவிடும். இவரோ, "ஹைட்ரஜன் வண்டி வருது, பொறு" என்று செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் வண்டிக் கம்பெனியில் வேலை செய்யும் என் தம்பி விஜயராஜ் அன்று வந்திருந்தான். "நீயே உங்க மாமாவுக்குச் சொல்லுடா" என்று அவனை இழுத்து உட்காரவைத்தேன்.

"நல்ல வண்டிதான் மாமா. மலையும் ஏறும். ஆனா வெல பல மடங்கு. வாங்கினாலும், ரொப்பறதுக்கு இங்க ஏது பங்க்கு?"

"பங்க்கு எதுக்குடா? டீசலுக்கு மட்டும் நம்மூர்ல பங்க்கா கீது? கேன்லதான கொண்டாந்தோம்?" என்றபடி உள்ளே போய், புத்தம்புதுக் கேன் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். கசியக் கூடாதென்று மூடிக்கு ரப்பர் வாஷர் வேறு.

விஜயராஜுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மாமா, அது காத்து மாதிரி. டயர்ல அடிக்கிற காத்தைவிட நூறு மடங்கு அழுத்தி, கெட்டியான சிலிண்டர்ல அடைக்கணும். கேன்ல ஊத்தியார அது இன்னா மோரா?"

நான் விடுவேனா? "ரெண்டு கேன் போதுமா? கொடம் ஒண்ணு குடுக்கட்டா?"

அவர் சிரிக்கவில்லை. "சிரி, சிரி. டீசல் நாத்தத்துக்கு வாந்தி வருதுன்னு ஏழு வருசமா மழையில நனைஞ்சிகினு பின்னாடி மூட்டைமேலதான குந்திகினு வந்த? பொகை இல்லாத வண்டின்னா என் பக்கத்துல குந்துவன்னு பார்த்தேன்."

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. கூடவே கோபமும். ஏழு வருஷமாக இதை வாய்திறந்து சொல்ல என்ன கேடு இந்த மனுஷனுக்கு!

"அதுக்கு ஹைட்ரஜன் இன்னாத்துக்குய்யா? ஒரு எலுமிச்சம்பழம் மோந்துகினு வந்தா ஆச்சு. வெடிஞ்சதும் போய் அந்த வேனையே ஓட்டிகினு வாய்யா."

மறுநாள் மத்தியானம் வேன் வந்தது. புளி மூட்டைகளைப் பின்னால் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், முன்சீட்டில் எனக்கு இடமில்லை. அங்கே ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிப் பின்னால் புளியோடு போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.